ஜுனைதீன் நானாவின் கழுத்து நாடி

1. லொறி பின்னால் வந்த காலை

காலை பத்து மணி இருக்கும். ஒரு கைக்குழந்தையின் இருமலுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் வாச்சர் மூச்சு வாங்க வந்து வாசலைப் பிடித்துக்கொண்டார்.

“டிஸ்பென்சர் ஐயா, ஓடியாங்க. லொறி கருப்பையாவ மேடையோட சேத்து நசுக்கிருச்சு.”

தேயிலை ஃபேக்டரியை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் ரோட்டில், மேலே பிரிந்து ஏறும் தோட்டம் அது. பெயரை எழுதவில்லை, இந்தக் கதையில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்தொரு வயது. டாக்டர் இல்லாத அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக நான்காவது வருடம்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தேயிலைப் பெட்டி ஏற்றும் மேடையில் லொறியின் பின்பக்கம் கோணலாக இடித்து நின்றது. பெட்டி தூக்கும் கருப்பையா மேடையோரம் உட்கார்ந்திருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்திருந்தது. அவன் கத்தவில்லை, முகம் மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தது. ஒரு தேயிலைப் பெட்டியை உடைத்துப் பலகை எடுத்து, அதை வைத்துக் காலைக் கட்டினேன்.

கட்டி முடித்த பிறகுதான் டிரைவரைப் பார்த்தேன். ஜுனைதீன் நானா லொறிக் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கோட்டுப் பட்டன்களை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். வாச்சரின் மனைவி அவர் நெற்றியிலும் கன்னத்திலும் ஸ்பிரிட் கலந்த வாசனைத் தண்ணீரான ஓடிக்கலோன் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, வேர்த்து வழிந்தது.

“என்ன நடந்திச்சி? ஆரு கத்தின?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் கூடியிருந்தவர்களுக்குக் கோபத்தை மூட்டியது.

“ஆளு கால ஒடச்சுப் போட்டுட்டு என்ன நடந்துச்சாம்!” என்றான் கருப்பையாவின் அண்ணன் முத்துவேல். “குடிச்சிட்டு வந்திருக்கான்யா.”

அந்த நேரத்தில் தோட்டத்து மேனேஜர் பெரிய தொரையின் ஜீப் வந்து நின்றது. தொரை இறங்கி நேராக நானாவிடம் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. ஜீப்பைக் கருப்பையாவுக்குக் கொடுத்தார். நான் அவனோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

2. பாதி உண்மை

பின்னேரம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் தொரை கொழும்புக்காரர். தமிழைத் தோட்டத்தில் கற்றுக்கொண்டவர். கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். எந்த விஷயத்தையும் அன்றைக்கே முடித்துவிடப் பார்ப்பார், அவ்வளவுதான்.

“நான் கிட்ட போயி பாத்தேன். ஸ்பிரிட் நாத்தம். நீயும் பாத்த தானே?”

“ஓடிக்கலோன் தேய்ச்சிருந்தாங்க சார்.”

“அது வேற. நாத்தம் இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சுங்க.”

“அத எழுதிக் குடு. வெள்ளிக்கிழம விசாரணை.”

அவர் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. நான் முகர்ந்ததைத்தான் எழுதச் சொன்னார். ஓடிக்கலோனை விட்டுவிட்டு எழுதினால் போதும். குடித்துவிட்டு ஓட்டிய டிரைவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும்.

ஜுனைதீன் நானாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பதுளை பஜாரில் பிறந்தவர். பத்தொன்பது வருடமாக அந்த லொறியை ஓட்டுகிறார். அவர் குடிக்காதவர் என்பது தோட்டத்துக்கே தெரியும். ஆனால் கண் முன்னால் ஒருவனின் கால் உடைந்து கிடக்கும்போது, பத்தொன்பது வருடமாகத் தெரிந்தது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. அதை இங்கே மறைக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு அவருக்குப் பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து. பதுளைக்கு அனுப்பினேன், அங்கே மெத்தில்டோபா மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாதா மாதம் என்னிடம் வந்து பார்த்துக்கொள்வார். பிரஷர் இறங்கவில்லை. அதனால் இரண்டு மாதத்துக்கு முன்பு, பதுளையில் கேட்காமல், மாத்திரையின் எண்ணிக்கையை நானே கூட்டினேன். அந்தக் காலத்தில் டிஸ்பென்சர்கள் பலரும் அப்படிச் செய்தோம்.

3. ஸலாம் கொடுக்கும்போது

மறுநாள் மத்தியானம் பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். நானா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“தம்பி, அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன். நான் அதத் தொட்டதே இல்ல.”

“தெரியும் நானா. உக்காருங்க. லொறிய பின்னால எடுத்தது ஞாபகம் இருக்கா?”

“கியர் போட்டது ஞாபகம் ஈக்குது. ஜன்னலால தலையப் போட்டு பின்னுக்குப் பாத்தேன். அதுக்குப் பொறகு ஒண்டும் தெரியா. முழிச்சிப் பாத்தா தரையில ஈக்கிறேன்.”

அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி அப்போதுதான் பேசினார்.

“டிஸ்பென்சர் ஐயா, இவர் சொல்ல மாட்டார், நான் சொல்றேன். விடிய சுபஹ் தொழுது முடிக்கிறப்ப, வலது பக்கம் ஸலாம் குடுக்கத் திரும்பினா கைய நெலத்துல ஊண்டுறார். ரெண்டு மாசமா இப்படித்தான்.”

“அது பிரஷர்,” என்றார் நானா. “தம்பிட்ட அண்டைக்கே சொன்னேன் தானே.”

சொன்னார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “தொழுறப்ப தல சுத்துது தம்பி” என்றார். நான் அப்போது அவர் கையில் கட்டிய கஃப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “உப்பக் கொறைங்க” என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இந்தத் தடவை கேட்டேன். “அந்தியில மஃரிபு தொழுறப்பவும் இப்படி வருமா?”

அவர் யோசித்தார். “இல்ல. விடியத்தான்.”

“விடியத் தொழுறப்ப என்ன உடுப்பு?”

“கோட்டுத்தான். குளிர் தானே.”

தோட்டம் கொடுத்த காக்கிக் கோட்டு அது. கழுத்து மூடியது. மேலே ஒரு பட்டன், அதற்கு மேலே ஒரு கொக்கி. மலைக்குளிருக்கு அவர் இரண்டையும் பூட்டாமல் இருக்க மாட்டார். வேறு எப்போதாவது மயக்கம் வந்ததா என்று கேட்டேன். பதுளையில் சலூனில் சேவ் எடுத்துவிட்டுக் கழுத்தை அமத்தித் துடைத்தபோது ஒருமுறை கண் இருட்டியது என்றார்.

படிக்கிற காலத்தில், கழுத்து அமுங்கினால் மயக்கம் வருவதைப் பற்றி அரைப்பக்கம் படித்திருந்தேன். கண்ணால் பார்த்ததில்லை.

“நானா, கோட்டப் போடுங்க. கொக்கியையும் பூட்டுங்க. லொறிய பின்னால எடுக்கிற மாதிரி உக்காருங்க.”

நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். கஃப்பை இடது கையில் கட்டிப் பார்த்தேன், நூற்றுத் தொண்ணூறு. பிறகு விரலை அவர் மணிக்கட்டில் வைத்தேன். நாடி கனமாக, ஒழுங்காக அடித்தது.

“திரும்பிப் பாருங்க.”

மோவாயைத் தூக்கி வலது தோளுக்கு மேலே திரும்பினார். நாடி ஒன்று அடித்தது, இரண்டு அடித்தது. பிறகு என் விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். வினாடி முள் ஐந்து கோடு நகர்ந்தது. அவர் கண் மேலே செருகி, உடம்பு என் மேல் சாய்ந்தது. அவர் மனைவி அலறினார். கொக்கி கழன்று வரவில்லை. கோட்டைப் பிடித்துப் பலமாக இழுத்தேன். பட்டன் அறுந்து போனது.

நாடியில் ஒரு அடி வந்தது. கொஞ்ச இடைவெளிக்குப் பிறகு இன்னொன்று. தரையில் படுக்க வைத்துக் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்தேன். கஃப்பில் காற்றடித்துக் கேட்டபோது, எண்பத்தைந்துக்கு வரும்வரை ஸ்டெதஸ்கோப்பில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் நூற்றுத் தொண்ணூறு இருந்த மனிதர்.

அவர் கண் திறந்து, “முடிஞ்சிச்சா?” என்று கேட்டார். டாக்டர் பக்கத்தில் இல்லாமல் அப்படிப் பார்த்தது தப்பு. அந்த இதயம் திரும்ப அடிக்காமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. இளையவர்கள் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்.

4. நரம்புக்குத் தெரிந்ததும் தெரியாததும்

புதன்கிழமை அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். முன்பு மாத்திரை எழுதிக் கொடுத்த யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். நானாவைப் படுக்க வைத்து, ஈ.சி.ஜி. கம்பிகளைப் பொருத்தி, வலது தாடைக்குக் கீழே இரண்டு விரலால் மெதுவாக அமத்தினார். மெஷினிலிருந்து வந்த காகிதத்தில் மலை மலையாக ஏறி இறங்கிய கோடு, நேர்கோடாக ஓடியது. விரலை எடுத்ததும் மலை திரும்ப வந்தது.

டாக்டர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் நாடி கழுத்தின் இரு பக்கமும் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் நாடியின் சுவர் கொஞ்சம் உப்பியிருக்கும். அந்தச் சுவருக்குள் நரம்பு நுனிகள் இருக்கின்றன. ரத்த அழுத்தம் ஏறினால் சுவர் விரியும். நரம்பு அதை மூளைக்குச் சொல்லும். மூளை உடனே இதயத்தை மெதுவாக்கும். உடம்பெங்கும் உள்ள சின்ன ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். அழுத்தம் இறங்கினால் இதற்கு எதிர்மாறாக நடக்கும்: இதயம் வேகமாகும், குழாய்கள் இறுகும். பாயிலிருந்து சட்டென்று எழுகிறவன் விழாமல் நிற்பது இதனால்தான். நாம் நினைத்துச் செய்கிற வேலை இல்லை இது. கண் சிமிட்டுவதுபோல் தானாக நடக்கிறது.

பல வருடம் பிரஷர் உள்ளவர்களுக்கு இந்த நரம்பு பழகிப்போய்விடுகிறது. நூற்றுத் தொண்ணூறைச் சரியான அளவாக எடுத்துக்கொண்டு, அந்த அளவையே காப்பாற்றப் பார்க்கிறது. அதனால்தான் அப்படிப்பட்ட மனிதர் ஒரு தொந்தரவும் தெரியாமல் நடமாடுகிறார். மருந்து கொடுத்தாலும் பிரஷர் லேசில் இறங்குவதில்லை. வயதும் பிரஷரும் சேர்ந்து நாடியைத் தடிக்கச் செய்யும்போது, சிலருக்கு இன்னொன்றும் நடக்கிறது. வெளியிலிருந்து அந்த இடத்தை லேசாக அமத்தினாலே நரம்பு மிதமிஞ்சித் துடித்துவிடுகிறது. உள்ளேயிருந்து ரத்தம் தள்ளியதா, வெளியிலிருந்து காலர் அமுக்கியதா என்று அதற்குத் தெரியாது. பிரஷர் எகிறிவிட்டது என்று மூளைக்குச் சொல்கிறது. மூளை இதயத்தை நிறுத்திப் பிடிக்கிறது, குழாய்களைத் தளர்த்துகிறது. ரத்தம் கீழே தங்கித் தலைக்கு ஏறாமல் ஆள் விழுகிறான்.

டாக்டர் நான் கொண்டுபோன மாத்திரைச் சீட்டைப் பார்த்தார்.

“நான் எழுதினது இவ்வளவு இல்லையே. ஆர் கூட்டினது?”

“நான்தான் சார்.”

“இந்த மருந்து இருந்தா இந்த ரிஃப்ளெக்ஸ் இன்னும் மோசமாகும். மருந்தால மட்டும்தான் வந்தது எண்டும் சொல்ல ஏலாது. ஆனா உதவி செய்திருக்கு.” பேனாவை எடுத்தார். “மாத்திரைய மாத்தித் தாறன். லொறியை மறக்கச் சொல்லும்.”

“கோட்ட மாத்தினா போதாதா சார்?”

“போதாது. இண்டைக்குக் கோட்டு. நாளைக்கு ஆரையாவது திரும்பிப் பாக்கேக்க வரும்.”

ஈ.சி.ஜி. காகிதத் துண்டையும், நோயின் பெயரை எழுதிய ஒரு சீட்டையும் கொடுத்தார். தோட்டத்து ரிப்போர்ட்டை என்னை எழுதச் சொன்னார்.

5. பஸ்ஸில்

பசறை பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். முதலில் நல்ல செய்தியைச் சொன்னேன்.

“அப்ப நான் குடிக்கல்லண்டு எழுத்துல வந்திரும்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மற்றதைச் சொன்னேன், லொறி இனி இல்லை என்று, ரிப்போர்ட்டில் அது இரண்டாவது வரி என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது, அவருடைய வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுப்பதைப் பார்த்தேன்.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

“தம்பி, அந்த ரெண்டாவது வரிய மட்டும் உட்டுருங்களே. கோட்ட எரிச்சிப் போடுறேன். கழுத்துல ஒரு நூல் படாம ஓட்டுறேன். பத்தொம்பது வருஷம். ஒரு கோழி மேல ஏத்தினதில்ல.”

“முடியாது நானா. அடுத்தது பசறை ரோட்டுப் பள்ளத்துக்கு மேல வந்தா?”

“எழுதாட்டி ஆருக்குத் தெரியப் போகுது?”

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. என் சட்டைப் பையில் ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்து எழுதிய ரிப்போர்ட் இருந்தது. அதில் இரண்டு விஷயம்தான் இருந்தன: டிரைவர் குடித்திருக்கவில்லை, இனி லொறி ஓட்டக்கூடாது. மாத்திரையைக் கூட்டியதை நான் எழுதவில்லை. தொரை அதைக் கேட்கவில்லை, டாக்டரின் சீட்டிலும் அது இல்லை, எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நானா,” என்றேன். “ஒங்களுக்கு இவ்வளவு மோசமா வந்ததுக்கு நான் மாத்திரையக் கூட்டினதும் ஒரு காரணம். டாக்டர்கிட்டக் கேக்காம செஞ்சுட்டேன். அதையும் சேத்து எழுதப் போறேன்.”

என் பக்கம் திரும்பினார். உடம்பு முழுவதையும் திருப்பி. கழுத்தை மட்டும் திருப்பப் பயந்துபோயிருந்தார்.

“எழுதினா ஒங்களுக்கு வேல போகுமா?”

“தெரியல.”

“அப்ப எழுதாதீங்க.”

அன்று ராத்திரி ரிப்போர்ட்டில் மூன்றாவது வரியைச் சேர்த்தேன்.

6. வெள்ளிக்கிழமை

விசாரணையில் தொரை, பெரிய கிளாக்கர், முத்துவேல், நானா, நான். வாச்சரின் மனைவியும் வந்திருந்தாள். ஓடிக்கலோன் போத்தலைக் கொண்டுவரும்படி நான்தான் சொல்லியிருந்தேன். தொரை மூடியைத் திறந்து முகர்ந்தார். மூடி மேசையில் வைத்தார். ஈ.சி.ஜி. காகிதத்தை மேசையில் விரித்து, நேர்கோட்டைக் காட்டினேன்.

“இந்த எடத்துல இவருக்கு உசுரு இல்லையா?” என்று முத்துவேல் கேட்டான்.

“உசுரு இருந்துச்சு. நெஞ்சு அடிக்கல.”

தொரை ரிப்போர்ட்டைக் கடைசிவரை வாசித்தார். “மூணாவது எதுக்கு?”

“நடந்ததுங்க சார்.”

“நான் கேக்கலையே.”

“நானாவுக்குத் தெரியுங்க சார்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காகிதத்தை ஃபைலில் போட்டார். குடித்த குற்றச்சாட்டு அன்றைக்கே நீங்கியது. நானாவை லொறியிலிருந்து எடுத்து, ஸ்டோரில் பெட்டிகளுக்கு மார்க் குத்தும் வேலைக்குப் போட்டார்கள். டிரைவர் குவார்ட்டர்ஸை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. இனி டாக்டரின் கையெழுத்து இல்லாமல் எந்த மருந்தின் அளவையும் மாற்றக்கூடாது என்று உத்தரவு. அது நியாயமான உத்தரவு.

கருப்பையாவின் கால் கூடியது, ஆனால் கொஞ்சம் குட்டையாக. கம்பை ஊன்றி நடக்கத் தொடங்கியதும் அவன் முதலில் நானாவின் வீட்டுக்குத்தான் போனான். நானும் அப்போது அங்கே இருந்தேன். கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சொன்னான்:

“நீங்க குடிச்சிட்டு ஏத்திட்டீங்கன்னு நெனச்சப்ப, வலி ஒரு மாதிரி இருந்துச்சு நானா. இப்ப கால் மட்டுந்தான் வலிக்குது.”

நானா என்னோடு பழையபடி பேசவில்லை. மாதா மாதம் வருவார், கையை நீட்டுவார், பிரஷர் எவ்வளவு என்று கேட்பார், போய்விடுவார். புது மாத்திரையில் அது மெதுவாக இறங்கியது. மூன்று வருடம் கழித்துப் பதுளையில் தம்பியின் கடைக்குப் போய்விட்டார். பஜாரில் பார்த்தால் உட்கார வைத்து டீ தருவார். லொறியைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அவர் மனதுக்குள் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

7. அதற்குப் பிறகு

பிரஷர் மெஷின் ஒரு எண்ணைத்தான் சொல்லும். அந்த எண்ணைப் பிடித்து வைத்திருக்க உடம்பு உள்ளே என்ன பாடுபடுகிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் கையை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறவர்தான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னொருவனின் கால் தேவைப்பட்டது.

விசாரணை நடந்து சில வாரத்தில் ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா வந்தார். அவருக்கும் பிரஷர்; வேறொரு மாத்திரை. தலை சுற்றுகிறது என்றார். கஃப்பைக் கீழே வைத்துவிட்டு, “எப்ப சுத்துது? அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டேன்.

அவர் சந்தேகமாக என்னைப் பார்த்தார். “வெடியக்கால பேர் பதியிற பெரட்டுக்குப் போக எந்திரிப்பேன்ல, அப்பங்க. செவத்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். கொஞ்ச நேரத்துல சரியாயிருமுங்க.”

படுக்க வைத்துப் பார்த்தேன். பிறகு நிற்க வைத்துப் பார்த்தேன். நிற்கும்போது பிரஷர் அறுபது இறங்கியது. மருந்து அவருடைய குழாய்களை இறுக விடாமல் பிடித்திருந்தது. டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். மாத்திரை பாதியானது, காலையில் கொஞ்ச நேரம் பாயிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழும்பச் சொன்னேன்.

போகும்போது அந்த அம்மா வாசலில் நின்று, “மூணு மாசமா இதச் சொல்லணும்னுதான் வந்தேங்க,” என்றார். “நீங்க சீட்டப் பாத்துக்கிட்டே இருந்தீங்க.”